பாக்கி இரண்டு அத்தியாயம்

ஃப்ரீசர் பெட்டியின் ஒயர் சுவரிலிருந்த பிளக் பாயிண்டுக்கு ஒரு முழம் எட்டவில்லை. பெட்டியை நகர்த்திப் போடலாம் என்றால் தலை தெற்கே வராது. தூக்கி வந்த இரண்டு பேரும் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு சேவுகப்பெருமாளைப் பார்த்தார்கள்.

"ஜங்ஷன் பாக்ஸ் இருந்தா எடுங்க சார்."

"பக்கத்துல ரஹீமா வீட்டுல இருக்குண்ணே," என்றாள் அவர் தங்கை முத்தழகு. "தீபாவளிக்கு லைட்டுப் போட மதினி அங்கதான் வாங்குச்சு. நான் போயி வாங்கியாரேன்."

"அங்க வேணாம். கடையில வாங்கிக்கலாம்."

"காலையில ஏழு மணிக்கு எவன் கடை தெறந்து வச்சிருக்கான்?"

"தெறப்பான். வேணாம்னா விடு."

பெட்டிக்குள் அவர் மனைவி பொன்னுத்தாயி படுத்திருந்தாள். ஐந்தரை மணிக்கு ஆஸ்பத்திரியில் உயிர் போயிருந்தது. முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளைக் கிடத்திவிட்டு ஒரு ஜங்ஷன் பாக்ஸுக்கு வீம்பு பிடிக்கிறோமே என்று அவருக்கே தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் இன்றைக்குக்கூட அந்த வீட்டிலிருந்துதான் ஒன்று வர வேண்டுமா என்று வயிறு எரிந்தது.

வீம்பு இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. ரஹீமாவே ஜங்ஷன் பாக்ஸோடு வாசலில் வந்து நின்றாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இங்கே பேசினால் அங்கே கேட்கும். அப்படியென்றால் 'அங்க வேணாம்' என்றதும் கேட்டிருக்கும். அவள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. பிளக்கைச் சொருகினாள், பெட்டி உறுமத் தொடங்கியது, தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தாள். சத்தமில்லாமல் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது.

வந்த பெண்களெல்லாம் அவளுக்கு அந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். தலைமாட்டில் உட்கார இவள் யார் என்று ஒருத்தியாவது கேட்பாள் என்று சேவுகப்பெருமாள் எதிர்பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

எட்டரை மணிக்கு முத்தழகு பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். "மதினிக்குக் கட்ட எந்தச் சேல எடுக்கட்டும்ணே?"

"நீலப் பட்டு. அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கும்."

"அந்த நீலம் கழுத்துல உறுத்துதும்பாக," என்று தலைமாட்டிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "மாம்பழக் கலர்ல கண்டாங்கி ஒண்ணு அடித்தட்டுல இருக்கும். அதத்தான் அக்கா ஆசயா வச்சிருந்தாக."

முத்தழகு அண்ணனின் முகத்தைப் பார்க்காமலே அடித்தட்டைத் துழாவினாள். கண்டாங்கி இருந்தது. நீலப் பட்டு கழுத்தில் உறுத்தும் என்று இந்த ஒரு வருடத்தில் அவரிடம் ஒரு வார்த்தை வந்ததில்லை. அடித்தட்டுவரை தெரிந்து வைத்திருக்கிறாள் பார், என்று அவர் மனதுக்குள் பல்லைக் கடித்தார்.

சேவுகப்பெருமாள் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் இருபத்தெட்டு வருடம் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருந்தவர். தேவகோட்டை, திருப்பத்தூர், அறந்தாங்கி என்று அவர் மைக்கில் சொன்னால்தான் கண்டக்டர் விசில் ஊதுவார். அரை நிமிடம் பிந்தினால் டிரைவரைப் பெயர் சொல்லி ஊர் கேட்க ஏசுவார். அப்படிப்பட்ட குரலை வீட்டில் ஒருத்தி ஒதுக்கி வைத்தாள் என்பதுதான் அவருடைய ஒன்பது வருடத்து மனக்குறை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ரஹீமாவுக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன் நடந்தது. புருஷன் ஹனிபா மலேசியாவில். நாற்பது நாள் எழக்கூடாது. கஞ்சி கொண்டுபோன பொன்னுத்தாயி, படுத்துக்கொண்டு புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாமல் அவள் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "குடு, நா வாசிக்கிறேன்" என்று வாங்கியிருக்கிறாள். வாங்கியவள் எட்டாம் வகுப்பு, அதுவும் எப்போதோ. நாற்பது நாளில் ரஹீமா எழுந்து நடந்தாள், பொன்னுத்தாயிக்கு வாசிப்பு ஓடத் தொடங்கியது, அதற்குப் பிறகு இரண்டு பேரும் நிறுத்தவே இல்லை.

மத்தியானம் இரண்டரை மணிக்கு இரண்டு கொல்லைக்கும் நடுவிலிருக்கும் குட்டைச் சுவரோரம் உட்காருவார்கள். ஒருத்தி வாசித்தால் மற்றவள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வெங்காயம் உரிக்க வேண்டும், கீரை ஆய வேண்டும். ஒரு அத்தியாயம் முடிந்தால் புத்தகமும் அரிவாள்மனையும் கை மாறும். இன்னொருத்தி இல்லாமல் ஒரு வரி முன்னால் போய்ப் படிக்கக் கூடாது. அது அவர்கள் சட்டம். காய்ச்சல் என்றால் கதையும் காத்திருந்தது, நோன்பு மாதம் என்றால் நேரம் மாறியது. லைப்ரரியின் பாதி அலமாரி அப்படித்தான் தீர்ந்தது. பேங்கில் ஃபாரத்தை நிரப்பச் சொல்லி அடுத்தவரிடம் நீட்டிக்கொண்டிருந்த பொன்னுத்தாயி, தெருச் சாக்கடைக்கு நகராட்சியில் தானே மனு எழுதிக் கொடுத்து, அதைக் கமிஷனர் முன்னால் உரக்கப் படித்தும் காட்டினாள்.

இவ்வளவும் சேவுகப்பெருமாளுக்குச் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் தெரியும். முணுமுணுவென்று குரல் வரும். திடீரென்று இரண்டு பேரும் சிரிப்பார்கள். இவர் கொல்லைப்பக்கம் போனால் செருப்புச் சத்தத்துக்கே புத்தகம் மூடிக்கொள்ளும். நம்மைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். ஆரம்பத்தில் ஒருநாள் மனைவி திக்கித் திக்கி வாசித்ததைக் கேட்டு, "ஒண்ணாப்புப் புள்ளகூட இதவிட நல்லா வாசிக்கும்டி" என்று பஸ் ஸ்டாண்டுக் குரலில் சொல்லிச் சிரித்தவர் அவர்தான். அது அவருக்கு ஞாபகமில்லை. அதற்குப் பிறகு அவர் காதுபட பொன்னுத்தாயி ஒரு வரி வாசித்ததில்லை.

பத்து மணிக்கு முகம் கழுவக் கொல்லைக்குப் போனார். பின்னாலேயே ரஹீமா வந்தாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்கி மூணு தடவ வந்தேன். மாடிப்படிகிட்டயே நின்னுட்டுத் திரும்பிட்டேன்."

"யாரையும் விடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னா நான் என்ன பண்றது?"

"ஒங்களக் கொற சொல்லலண்ணே. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அக்கா என்னயக் கேட்டாகளா?"

அவர் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தார். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பொது வார்டு, எல்லாருடைய சொந்தக்காரர்களும் தூக்குவாளியோடு வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மூச்சுத் திணறலென்று அவளைச் சேர்த்த அன்றைக்கு மாலை படியேறி வந்த ரஹீமாவின் கையில் புத்தகத்தைப் பார்த்ததும் அவருக்கு என்னவோ செய்தது. இங்கேயும் உட்கார்ந்து இரண்டு பேரும் ஆரம்பித்துவிடுவார்கள், நாம் வராந்தாவில் நிற்க வேண்டியதுதான் என்று தோன்றியது. வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பினார். மேலே போய் மனைவியிடம், "ரஹீமாவுக்கு நாத்தனா வீட்டுல கல்யாணமாம், வர முடியாதாம்" என்றார்.

அன்றைக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு வார இதழ் வாங்கிவந்து, கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு தானே வாசித்தார். கதையில் ஒரு பெண் அழுதாள். இவர் குரலில் அவள் அறந்தாங்கிக்குப் புறப்பட்டாள். வார்டில் பாதிப் பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். நர்ஸ் வந்து உதட்டில் விரல் வைத்துவிட்டுப் போனாள். பொன்னுத்தாயி அவர் கையைத் தொட்டு, "போதுங்க, ஒங்களுக்குத் தொண்ட வலிக்கும்" என்றாள். எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்! அந்த மரியாதைதான் அவரைச் சுட்டது.

அடுத்த நாள் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். "கல்யாணம் முடிஞ்சிருக்குமே, ரஹீமா வரலையா?" இன்று விடியற்காலையில் மூச்சு வாங்கிக்கொண்டே, "அவளுக்கு எம்மேல கோவமாங்க? நா ஒண்ணும் சொல்லலையே" என்றாள். "பேசாமத் தூங்கு" என்றார் இவர். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

இப்போது ரஹீமா பதிலுக்குக் காத்திருந்தாள். கேட்டாள் என்று சொன்னால் நான்கு நாள் பொய்யும் வெளியே வந்துவிடும். இல்லை என்று சொன்னால் அந்த நான்கு நாளாவது பொன்னுத்தாயி அவருக்கு மட்டும் உரியவளாக இருப்பாள்.

"இல்லம்மா. மயக்கத்துலயே கெடந்துச்சு. யாரையும் கேக்கல."

ரஹீமா தலையாட்டினாள். "வலி தெரியாமப் போனாகள்ல, அது போதும்ணே." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு அத்தியாயம் பாக்கி இருந்துச்சு. ஒண்ணு எம்மொற, கடைசி அக்கா மொற. நா மட்டும் எப்பிடிப் படிக்கிறது? நாளக்கி லைப்ரரில கொண்டுபோயிக் குடுத்துர்றேன்."

ஜெயித்துவிட்டோம் என்று அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொல்லையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் அது காணாமல் போய்விட்டது.

ஒரு மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து மகன் தேவா வந்தான். அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதான். பிறகு பெட்டியின்மேல் கவிழ்ந்து அழுதான். ஓய்ந்ததும் ரஹீமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "இந்த ஞாயித்துக்கெழம அம்மா கத சொல்லவே இல்ல சின்னம்மா," என்றான். "மரகதம் அந்தக் கடுதாசியப் பிரிச்சாளா இல்லையான்னு கேட்டேன். மூச்சு முட்டுதுடா, அடுத்த வாரம் சொல்றேன்னுச்சு."

"பிரிக்கலடா தேவா. இன்னும் பிரிக்கல."

சேவுகப்பெருமாள் தூண் பக்கம் நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் மகனோடு ஒரு மணி நேரம் போனில் பேசுவாள். தன்னைப் பற்றிக் கோள் சொல்கிறாள் என்றே அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். யாரோ மரகதமாம், கடுதாசியாம். கோயம்புத்தூரில் இருக்கிறவனுக்குத் தெரிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் தெரிகிறது. ஒரே கூரையின்கீழ் அவள் கையால் சாப்பிட்ட தனக்கு மட்டும் தெரியவில்லை. பெற்ற பிள்ளைமேலேயே பொறாமைப்படும் அளவுக்கு இறங்கிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டும் பொறாமை போகவில்லை.

மூன்றரை மணிக்கு வாசலில் வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சின்னக்கருப்பன். பழைய பஸ் டிரைவர், சேவுகப்பெருமாளிடம் தினமும் ஏச்சு வாங்கியவர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். பெண்கள் பொன்னுத்தாயியைக் குளிப்பாட்டி, கண்டாங்கி கட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக் கூடத்தில் பெஞ்சில் கிடத்தினார்கள். மாம்பழக் கலர் அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

வாய்க்கரிசி போட முத்தழகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். இனி உறவுக்காரர்கள் முறை என்று ரஹீமா எழுந்தாள். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து போக வேண்டும். போகிறவள் ஒரு நிமிடம் குனிந்து பொன்னுத்தாயியின் காதோரம் பேசினாள். மெல்லத்தான் பேசினாள், தூண் பக்கம் நின்ற சேவுகப்பெருமாளுக்குக் கேட்டுவிட்டது.

"மன்னிச்சுக்கங்கக்கா. யாரு தடுத்தாலும் நா மேல ஏறி வந்திருக்கணும். எம்மேலதான் தப்பு."

அவளுக்கு எம்மேல கோவமாங்க என்று ஒருத்தி கேட்டுவிட்டுப் போனாள். எம்மேலதான் தப்பு என்று இன்னொருத்தி சொல்லிவிட்டுப் போகிறாள். ரஹீமா வாசற்படியில் கால் வைத்துவிட்டாள்.

"நில்லும்மா!"

அந்தக் குரலுக்குத் தெருமுனையில் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். ஒப்பாரி நின்றது.

"ஒன்னயத்தான் கேட்டுச்சு. நாலு நாளும் ஒன்னயத்தான் கேட்டுச்சு. டாக்டர் ஒண்ணும் சொல்லல, நான்தான் ஒன்னய மேல விடல. நீ நாத்தனா வீட்டுக் கல்யாணத்துல இருக்கன்னு அதுக்கிட்டப் பொய் சொன்னேன். ஒனக்குக் கோவம்னு நெனச்சுக்கிட்டே போயிருச்சு."

தேவா, "அப்பா" என்றான்.

ரஹீமா திரும்பி வந்து அவர் எதிரில் நின்றாள். "ஏண்ணே?"

"பொறுக்கலம்மா," என்றார் அவர். "நீங்க ரெண்டு பேரும் அப்பிடி இருந்தது எனக்குப் பொறுக்கல."

அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு வேகமாக வெளியே போனாள். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாள் என்று பெண்கள் கிசுகிசுத்தார்கள். முத்தழகு அண்ணனைப் பார்த்த பார்வையில் ரத்த பாசம் துளிகூட இல்லை.

இரண்டு நிமிடத்தில் ரஹீமா திரும்பி வந்தாள். கையில் லைப்ரரி சீல் குத்திய தடிப் புத்தகம். யாரிடமும் கேட்காமல் பெஞ்சின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து, பொன்னுத்தாயியின் முகத்துக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள்.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லக்கா. இப்ப வாசிக்கிறேன், கேளுங்க. இருபத்து மூணு."

வாசித்தாள். ஒரு தபால்காரனின் மனைவியாம் மரகதம். சேர வேண்டியவர்களுக்குச் சேராத கடிதங்களைச் சேர்த்து வைத்திருக்கிறாள். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது சேர வேண்டியவர் வரும் வண்டிக்காக ரயிலடிக்கு வந்திருக்கிறாள். மழை பெய்கிறது. முதலில் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. பிறகு அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நகர்ந்து நெருங்கினார்கள். முத்தழகு வாய்க்கரிசிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள்.

சின்னக்கருப்பன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "நேரமாவுதுண்ணே. சுடுகாட்டுல நாலே காலுக்குச் சொல்லியிருக்கு."

"இருப்பா," என்றார் சேவுகப்பெருமாள். "முடியட்டும்."

சின்னக்கருப்பன் அவரை நம்பாமல் பார்த்துவிட்டு, துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

அத்தியாயம் நான்கு பக்கம்தான். முடிந்ததும் ரஹீமா நிறுத்திவிட்டாள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பொன்னுத்தாயியின் கையைப் பார்த்தாள். மஞ்சள் பூசிய கை அசையாமல் கிடந்தது.

"அடுத்தது அக்கா மொற," என்றாள் பொதுவாக.

முத்தழகுக்குப் பொறுக்கவில்லை. "அப்புறம் என்னாச்சு ரஹீமா? வந்து எறங்குனாகளா இல்லையா?"

ரஹீமா மூச்சை இழுத்துவிட்டு மறுபடியும் புத்தகத்தைத் தூக்கினாள். ஆனால் குரல் மாறிவிட்டது. வரியின் கடைசிச் சொல்லை நீட்டினாள். கமா வந்த இடத்திலெல்லாம் 'ம்' என்று ஒரு சின்ன மூச்சு விட்டாள். ஸ்டேஷன் மாஸ்டர் பேசும்போது மூக்கால் பேசினாள். தேவா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அது அம்மா வாசிக்கும் விதம் என்று அவனுக்குத் தெரியும். போனில் கேட்டவன்.

சேவுகப்பெருமாளுக்கு மெல்லத்தான் புரிந்தது. அந்த நீட்டலும் அந்த மூச்சும் சமையலறையில் அவள் பேச்சில் அவருக்குப் பழகியவைதான். ஆனால் இப்படி ஒரு மூக்குக் குரலில் அவள் பேசுவாள் என்று முப்பத்திரண்டு வருடத்தில் அவர் கண்டதில்லை. இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போலிருந்தது. ஒரு அடி வைத்தார். செருப்பு இல்லாததால் சத்தம் வரவில்லை. இன்னொரு அடி வைத்தார். பெண்களுக்குப் பின்னால், மகனின் தோளோடு தோள் இடிக்கத் தரையில் உட்கார்ந்தார். ரஹீமா பார்த்தாள். பார்த்தும் நிறுத்தவில்லை.

"'வண்டியிலிருந்து கடைசியாக இறங்கியவனிடம் குடை இல்லை,'" என்று வாசித்தாள். "'மழையில் நனைந்துகொண்டே மரகதத்தின் முன்னால் வந்து நின்றான் பரஞ்சோதி.'"

பெண்களில் இரண்டு பேர் "அட" என்றார்கள். தேவா நிமிர்ந்து உட்கார்ந்தான். எல்லாருக்கும் ஏதோ புரிந்தது போலிருந்தது.

"பரஞ்சோதி யாரு?" என்று கேட்டுவிட்டார் சேவுகப்பெருமாள்.

அவருக்கு வேறு குரல் கிடையாது. கூடம் முழுக்கக் கேட்டது. ரஹீமா நிறுத்தினாள். வரியில் விரலை வைத்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமல், பொன்னுத்தாயியிடம் குனிந்தாள்.

"அக்கா, கேட்டீகளா? பரஞ்சோதி யாருன்னு கேக்குறாக."

முத்தழகு சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. ரஹீமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரல் வைத்திருந்த வரியிலிருந்து மேலே படித்தாள்.